நம்மவர்கள் தந்த சோர்வு

ஜூலை 9 வந்தால் தரங்கம்பாடியில் ஆராதனை நடக்கும். சீகன்பால்க் ஐயரின் படத்துக்கு மாலை விழும், பேச்சாளர்கள் அவர் செய்து முடித்தவற்றை வரிசையாகச் சொல்வார்கள். தமிழில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு, அச்சகம், காகித ஆலை, பள்ளிகள், 1718-இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயம். எல்லாம் உண்மை, எல்லாம் போற்றத்தக்கது. ஆனால் இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு கிராமத்துப் போதகருக்கு இதனால் என்ன பயன் என்று நான் யோசிப்பதுண்டு. அவரிடம் அச்சகம் இல்லை, ராஜாவின் ஆதரவும் இல்லை. அவரிடம் இருப்பது சோர்வு. அந்தச் சோர்வைப் பற்றித்தான் சீகன்பால்க் அவரோடு பேச முடியும், ஏனென்றால் தரங்கம்பாடியில் அவர் கழித்த ஆண்டுகள் முழுவதிலும் அவரை விட்டு விலகாத துணை அதுதான். அந்தச் சோர்வை அவருக்குத் தந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

1682-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர் பார்த்தலோமேயு சீகன்பால்க். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் போய்விட்டார்கள். உடம்பும் சரியில்லை, வயிற்றுக் கோளாறு வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. ஹாலே நகரில் ஆசிரியர் ஃபிராங்கேயின் நிழலில் இறையியல் படிக்கப் போனவர், உடல் ஒத்துழைக்காததால் படிப்பைப் பாதியில் விட்டார். அந்த நேரத்தில்தான் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக், தரங்கம்பாடியில் இருந்த தம் வணிகத் தலத்துக்கு மிஷனெரிகளை அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தார். டென்மார்க்கில் யாரும் கிடைக்கவில்லை. தேடல் ஜெர்மனிக்கு வந்து, படிப்பை முடிக்காத இந்த நோயாளி இளைஞர் மேலும், அவருடைய நண்பர் ஹென்ரிக் புளூட்சாவ் மேலும் நின்றது. கோபன்ஹேகனில் குருப்பட்டத்துக்கு முன் நடந்த தேர்வில் பேராயர் இருவரையும் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார். அரசர் தலையிட்டு மறுதேர்வு நடத்தச் சொன்ன பிறகே 1705 நவம்பரில் அவர்களுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அழைப்பு உறுதியானதா என்று சந்தேகப்பட அவருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போதிய காரணங்கள் இருந்தன. வயது 23.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக் கரையில் இறங்கியபோது அவர்களை வரவேற்க யாரும் இல்லை. கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களைக் காக்க வைத்தார். பிறகு வந்து, இங்கே உங்களுக்கு என்ன வேலை என்கிற தொனியில் விசாரித்தார். கடைசியில் கடைத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். தளபதி ஒரு லூத்தரன் கிறிஸ்தவர். கோட்டைக்கு அருகே டேனிஷ்காரர்களுக்காக 1701-லேயே கட்டப்பட்ட சீயோன் ஆலயம் இருந்தது, அதற்குக் குருமாரும் இருந்தார்கள். வந்திறங்கிய இருவரும் அதே சபை, அதே அறிக்கை, அதே அரசரின் கடிதத்தோடு வந்தவர்கள். ஆயினும் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷன் வேலை பிடிக்கவில்லை. உள்ளூர் மக்கள் மனம் கோணினால் வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் கணக்கு. அரசர் ஒரு கையால் அனுப்ப, கம்பெனியின் இயக்குநர்கள் இவர்களுக்கு இடம் கொடுக்காதே என்று மறைமுகமாக எழுதியிருந்தார்கள்.

சரி, என்ன செய்தார்கள்? தமிழ் படித்தார்கள். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம் பேசி, அவருடைய பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் ‘அ’ எழுத, பக்கத்தில் இந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதையே எழுதினார்கள். சீக்கிரமே தமிழ் சீகன்பால்க்கின் பொறுப்பு, போர்த்துக்கீசியம் புளூட்சாவின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள்.

சீகன்பால்க் தம் நாள் எப்படிக் கழிகிறது என்று ஊருக்கு எழுதியிருக்கிறார். அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். காலை ஜெபமும் ஞானோபதேசமும் முடிந்ததும், முன்பு குறித்து வைத்த சொற்களையும் வழக்குகளையும் மனப்பாடம் செய்வார். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் பக்கத்தில் இருப்பார்கள். புலவர் கடினமான இடங்களை விளக்குவார், எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். வெயில் உச்சிக்கு வரும்போது சற்று ஓய்வு. பிற்பகலில் மறுபடி நூல்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கண் கெடாதிருக்க, ஒருவர் உரக்க வாசிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். நாளும் இப்படித்தான். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி ஒரு நூற்பட்டியலை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டார். அதில் திருக்குறளும் உண்டு, சிவவாக்கியமும் உண்டு.

இந்தக் கால அட்டவணையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே மாதங்களில்தான் ஐரோப்பாவிலிருந்து மிஷனுக்கு வந்த பணப்பெட்டி, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது கடலில் விழுந்து மூழ்கியது. சம்பளமும் உதவியும் எப்போது வரும் என்று தெரியாத நிலை. டேனிஷ் குருமார் எதிர்ப்பு ஒரு பக்கம். மொழி கற்கவும் மக்களோடு பழகவும் பெரும் துணையாயிருந்த துபாஷ் அழகப்பனைக் கோட்டை நிர்வாகம் ஊரைவிட்டே அனுப்பிவிட்டது. அந்த நிலையிலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் நூல். 1708 அக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டை மூல கிரேக்கத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கினார்.

தொடங்கி ஒரு மாதம் கழிந்து, நவம்பரில், அவரைக் கைது செய்து டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார்கள்.

நடந்தது இதுதான். இறந்துபோன ஒரு நாவிதரின் விதவை மனைவிக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் கடன் தகராறு. சீகன்பால்க் அந்த விதவையின் பக்கம் நின்றார். அதில் மூண்ட கசப்போடு, ஒரு டேனிஷ் சிப்பாய்க்குப் பிறந்த குழந்தைக்கு எந்தச் சபையில் ஞானஸ்நானம் என்ற சண்டையும் சேர்ந்தது. தளபதியின் முடிவை இவர் வெளிப்படையாக எதிர்த்தார். விளைவு, நான்கு மாதச் சிறை. வெக்கை நிறைந்த அறை. ஆரம்பத்தில் பேனாவும் காகிதமும்கூட மறுக்கப்பட்டன. ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த சிறு மந்தை பயந்து சிதறியது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சீகன்பால்க் முன்கோபி. தாம் சொல்வதே சரி என்று அடித்துப் பேசுகிறவர். இன்னும் கொஞ்சம் பக்குவமாக நடந்திருந்தால் சிறையைத் தவிர்த்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் நினைப்பதில் நியாயம் உண்டு. அழைப்புக்கு உண்மையாயிருப்பவர் எல்லாச் சண்டையிலும் சரியான பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், அப்படி இல்லையென்றால் அவருடைய அழைப்பையே சந்தேகிக்கிறோம். வேதாகமம் அப்படிச் செய்வதில்லை. சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவு வேண்டும் என்று கேட்ட எலியாவைத் தேவன் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க வைத்தார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். வேலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. எரேமியா இனிமேல் வாயே திறக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தவர். அந்த முடிவும் வேதத்தில் மறைக்கப்படாமல் இருக்கிறது.

சிறையில் காகிதம் கிடைத்த பிறகு சீகன்பால்க் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியது. மற்றது போதகராயிருப்பதைப் பற்றியது, அதாவது தேவனுக்குப் பிரியமான ஊழியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது. ஒரு கிறிஸ்தவத் தளபதியால் பூட்டப்பட்டு, சபை சிதறி, மொழிபெயர்ப்பு நின்றுபோய்க் கிடந்த மனிதர் அந்த அறையில் உட்கார்ந்து எழுதத் தேர்ந்தெடுத்த பொருள் ஊழியம். ரோமச் சிறையிலிருந்த பவுல், தேமா தன்னைவிட்டுப் போய்விட்டான் என்று வருந்தி எழுதும் அதே கடிதத்தில், மேலங்கியையும் புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். வருத்தமும் வேலையும் அவருக்கு ஒரே மூச்சில் வருகின்றன. சீகன்பால்க்கும் அப்படித்தான். 1709-இல் வெளியே வந்தார், மொழிபெயர்ப்பை எடுத்தார், 1711 மார்ச்சில் முடித்தார்.

அடுத்த அடி வெளியிலிருந்து வரவில்லை. 1709-இல் உதவிக்கு வந்த மூவரில் கிருண்ட்லர் அவருக்கு உயிர்த் தோழராக அமைந்தார். போவிங் என்பவரோ சீகன்பால்க்கோடு ஒத்துப்போக முடியாமல் திரும்பி, மிஷன் வேலையைக் குறைகூறி ஐரோப்பாவில் பரப்பினார். 1711-இல் புளூட்சாவும் தாய்நாடு திரும்பினார். அச்சகத்தின் கதையோ இன்னொரு பாடு. இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரத்தோடு வந்த கப்பலைப் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அது விடுபட்டு வரும் வழியில், அச்சகத்தை நடத்த வந்த யோனாஸ் ஃபிங்க் இறந்துபோனார். இயந்திரம் வந்தது, இயக்கத் தெரிந்தவர் வரவில்லை. கம்பெனிப் படையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சுத்தொழில் தெரிந்திருந்ததால் வேலை நடந்தது. பிறகு ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன, அவை மிகப் பெரியவை. காகிதம் போதாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாட்டின் மீதியும் அச்சாகின.

இடையில் 1713-இல் அவர் ஒரு பெரிய நூலை முடித்து ஹாலேக்கு அனுப்பினார். தென்னிந்திய தெய்வங்களின் வம்சாவளி அது. தாம் யாருக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தாரோ அந்த மக்கள் எதை நம்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அவர்களுடைய நூல்களைப் படித்து எழுதியது. அவரை உருவாக்கிய ஆசிரியர் ஃபிராங்கேயிடமிருந்து வந்த பதில், உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற பொருளில் இருந்தது. நூல் அலமாரிக்குப் போனது. 1867-இல்தான் சென்னையில் அச்சானது. அதற்கு முன் 1711-இல் அவர் எழுதி முடித்த இன்னொரு நூல் 1926 வரை காத்திருந்தது. பல மாத உழைப்பை, தாம் மிகவும் மதித்த மனிதர் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். ஹாசியஸின் சிறையைவிட இது அதிகம் வலித்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். சிறை வைத்தவர் அவருடைய வேலையைப் புரிந்துகொள்ளாதவர். ஒதுக்கியவரோ புரிந்துகொள்ளக் கூடியவர்.

கடைசி அடி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. 1714-இல் அரசர் அமைத்த மிஷன் குழுமத்தின் செயலாளர் கிறிஸ்டியன் வென்ட். அப்போஸ்தலர்களைப் போல ஏழ்மையில் ஊர் ஊராகப் பிரசங்கிப்பதே மிஷனெரியின் வேலை என்பது அவர் கொள்கை. கட்டடம் எதற்கு, பள்ளி எதற்கு, அச்சகம் எதற்கு, மனைவி குடும்பம் எதற்கு என்று கேட்டார். தரங்கம்பாடியில் கால் வைக்காதவர் அவர். தூர தேசத்தில் நாற்காலியில் இருந்துகொண்டு, பன்னிரண்டு ஆண்டு வேலையை ஒரு கொள்கையால் அளந்தார். புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டையானது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் இந்தக் கண்டனக் கடிதங்கள் சீகன்பால்க்கின் கைக்கு வந்தன. ஏற்கெனவே நோயில் இருந்தவரை அவை உடைத்துப்போட்டன. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்தார். புதிதாகக் கட்டிய அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

வெளியார் எதிர்ப்பதை ஊழியர்கள் எதிர்பார்த்தே வருகிறார்கள். அதற்கு நம் பிரசங்கங்களில் இடமும் உண்டு, மரியாதையும் உண்டு. கல்லெறி வாங்கியவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்கிறோம். ஆனால் சபைக் கமிட்டியில் எல்லார் முன்னிலும் அவமானப்பட்டவர், யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசியால் இடமாற்றம் ஆனவர், பத்து வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தி ஒரு நன்றிச் சொல்லும் கேளாமல் நிறுத்தப்பட்ட ஆசிரியை, இவர்களுடைய காயத்துக்கு நம்மிடம் மேடை இல்லை. அதைச் சொன்னால் சபையைக் குறைகூறுவதாகிவிடும் என்று அவர்களே வாயை மூடிக்கொள்கிறார்கள். குருமனையில் பேசும்போது மெதுவாக, கதவைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். ஒரு கிராமத்து உபதேசியார் மூன்று ஊர்களுக்கு சைக்கிளில் போய்வருகிறார். மூன்று ஊரிலும் சேர்த்து ஞாயிறு காணிக்கை அவருடைய சைக்கிள் டியூபுக்கும் பத்தாது. அது அவரை நிறுத்தாது. ‘ஐயா வந்து என்ன ஆச்சு, சபை வளரவே இல்லையே’ என்று மூப்பர் ஒருவர் போகிற போக்கில் சொல்வது நிறுத்திவிடும்.

சீகன்பால்க்கின் வாழ்க்கை அந்த உபதேசியாருக்கு ஒன்றைக் காட்டுகிறது. அவர் சோர்வே இல்லாதவராக நடிக்கவில்லை. தளபதியைப் பற்றிப் புகார் எழுதினார், நேரில் நியாயம் கேட்க 1714-இல் ஐரோப்பாவுக்கே போனார். புண்பட்டதை மறைக்கவில்லை. ஆனால் புண்ணை வைத்துத் தம் நாளை அமைத்துக்கொள்ளவும் இல்லை. காலை எட்டு மணிக்குப் புலவர் வந்தார், சுவடி திறந்தது. ஹாலேயில் இருந்தபோதுகூட உட்கார்ந்து, தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதி 1716-இல் அச்சிட்டுவிட்டுத்தான் புதுமனைவி மரியா டொரோத்தியாவோடு கப்பலேறினார். அவருடைய விசுவாசத்தை நாம் பெரும்பாலும் பெரிய தருணங்களில் தேடுகிறோம். எனக்கு அது அந்த அட்டவணையில்தான் தெரிகிறது. அழைப்பைப் பற்றிய சந்தேகம் வருகிற நாளிலும் செய்து முடிக்கக் கூடிய ஒரு வேலை அதில் இருந்தது. இன்று ஒரு அதிகாரம், நாளை ஒரு அதிகாரம். தேறுமா தேறாதா என்று தன் மனசைத் தானே ஒவ்வொரு காலையும் விசாரித்துக்கொண்டிருந்தால் 1711-இல் எதுவும் முடிந்திருக்காது.

இன்னொன்றும் அவருக்கு இருந்தது, அது கிருண்ட்லர். எலியாவுக்கும் எலிசா கொடுக்கப்பட்டார், பவுலோடு லூக்கா இருந்தார். தனியாக நின்று தாக்குப்பிடித்த ஊழியர்கள் வெகு சிலர். ஆகவே ஒரு போதகர் தளர்ந்திருப்பதைப் பார்க்கிற சபையார், அவருக்காக ஜெபக் குறிப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. வீட்டுக்குப் போங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள், கமிட்டியில் அவர் பக்கம் ஒருவராவது பேசுங்கள். வென்ட்டின் கடிதம் வந்தபோது கிருண்ட்லர் சீகன்பால்க்கோடு நின்றதைப் போல.

1718-இல், வென்ட்டின் கண்டனத்தின்படி எல்லாம் வீண் என்று ஆகிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், சீகன்பால்க் ஓர் இளைஞருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆறுமுகம் என்பவர் ஆரோன் ஆனார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1733 டிசம்பரில், அதே தரங்கம்பாடியில் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. புராட்டஸ்டண்ட் சபைகளில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதல் முறை. சீகன்பால்க் அதைப் பார்க்கவில்லை, எதிர்பார்த்திருக்கவும் முடியாது.

அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்தது. கிருண்ட்லர் மிஷன் பொறுப்பை ஏற்றார். அவருக்கும் உடம்பு முடியவில்லை, 1720 மார்ச்சில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1719 செப்டம்பரில், பெஞ்சமின் ஷூல்ட்சே என்ற இளைஞர் தரங்கம்பாடியில் வந்திறங்கியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. படித்தார். பிறகு ரூத்துக்கு அடுத்த புத்தகத்திலிருந்து பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்து மொழிபெயர்த்து முடித்தார்.